தூண்டுதல் எந்தச் சுரத்தில் இறங்கியது? சேர்ந்திசைக்கும் சேம்பர் இசைக்கும் விளக்கம் எழுதுவோருக்கு

‘இயற்கையின் பேரழகில் மனம் லயித்தபோது இந்தப் படைப்பு பிறந்தது.’ கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு சேர்ந்திசை (பல குரல்கள் சேர்ந்து பாடுவது) அல்லது சேம்பர் இசை (சில வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது) நிகழ்ச்சிக்குப் போய்க் கையேட்டைப் பிரித்தால் இந்த மாதிரி ஒரு வரி கண்ணில் படாமல் இருக்காது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் விளக்கு அணைவதற்குள் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் அதைப் படிக்கிறவருக்கு, அடுத்து எதைக் காதால் தேட வேண்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை. மலையும் கடலும் அம்மாவும் மண்ணும் எல்லாருக்கும் பொதுவான தூண்டுதல்கள். அந்தத் தூண்டுதல் எந்தச் சுரத்தில், எந்தக் கால அளவில், எந்தக் குரலில் வந்து இறங்கியது என்பது இசையமைப்பாளர் ஒருவருக்குத்தான் தெரியும். அதை எழுதாமல் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எழுதுகிறோம்.

இதை ஒழுங்காகச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான். அவருடைய ‘காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை’ 1941 ஜனவரி 15 அன்று கெர்லிட்ஸ் ஊரின் ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் அரங்கேறியது. கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்ற சேர்க்கைக்குத் தத்துவக் காரணம் எதுவும் கிடையாது. முகாமில் இருந்த வாத்தியக்காரர்கள் அவர்கள்தான். பைபிளில் வெளிப்படுத்தின விசேஷத்தின் 10-ம் அதிகாரத்தில் ‘இனி காலம் இராது’ என்று அறிவிக்கும் தேவதூதனே தூண்டுதல் என்று இசைத்தாளின் முன்னுரையில் எழுதுகிறார். ஏன் எட்டுப் பகுதிகள் என்பதற்கும் அங்கேயே காரணம் சொல்கிறார்: ஏழு என்பது படைப்பின் எண், ஏழாம் நாளின் ஓய்வு நித்தியத்துக்குள் நீள்வதால் எட்டாகிறது.

இதோடு நின்றிருந்தால் அதுவும் ஒரு பக்திக் குறிப்பாகப் போயிருக்கும். முதல் பகுதியின் உள்ளே பாருங்கள். பியானோவுக்கு 17 கால அளவுகள் கொண்ட ஒரு தாள வரிசை. அதன் மேல் 29 கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) கொண்ட இன்னொரு வரிசை. இரண்டும் பகா எண்கள் என்பதால், சேர்ந்து தொடங்கிய இடத்துக்கு இரண்டும் மறுபடி சேர்ந்து வர 493 கால அளவுகள் ஆகும். சில நிமிடங்களில் முடியும் அந்தப் பகுதி அதற்கு வெகு முன்பே நின்றுவிடுகிறது. வட்டம் எப்போதும் மூடுவதில்லை. 17, 29 என்று காது எண்ணப் போவதில்லைதான்; ஆனால் எங்கும் சமம் (தாள வட்டத்தின் முதல் தட்டு) விழவில்லை என்பதைக் காது பிடித்துக்கொள்ளும். தாளம் போட்டுப் பழகிய நம் காது இன்னும் சீக்கிரம் பிடிக்கும். அந்த 17 கால அளவுகளும் எங்கிருந்து வந்தன? 13-ம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய இசை நூலான சங்கீத ரத்னாகரத்தின் 120 தேசி தாளங்களில் ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்றிலிருந்து. நம்முடையது என்று பெருமைப்படலாம். ஆனால் மெசியான் அவற்றை ஒரு கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்த பட்டியலிலிருந்து எடுத்தார், யார் கையிலும் போட்டுக் கேட்டு அல்ல.

இசையமைப்பாளர் சொல்லும் விளக்கத்தை அப்படியே நம்பவும் கூடாது. சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் எட்டாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ) 1960 ஜூலையில், டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் மூன்றே நாளில் எழுதப்பட்டது. ‘பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களுக்கு’ என்பது அதன் சமர்ப்பணம். அதே மாதம் நண்பர் கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்தில், தான் செத்தால் தனக்காக யாரும் இப்படி ஒன்று எழுதப் போவதில்லை, அதனால் தானே எழுதிவிட்டதாகச் சொல்கிறார். எது உண்மை? செல்லோ தனியாக வாசிக்கும் முதல் நான்கு சுரங்களைக் கேட்டால் போதும்: டி, இ ஃபிளாட், சி, பி. சி-யைச் சட்ஜமாக வைத்தால் சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சட்ஜம், கீழே காகலி நிஷாதம். கீரவாணியிலும் கௌரிமனோகரியிலும் இருக்கும் சுரங்கள்தான். ஜெர்மன் சுரப்பெயர்களில் இவை D, S, C, H: ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் அவர் பெயரின் முதலெழுத்துகள். குவார்ட்டெட் முழுக்கத் தன் பெயரையே திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார். சமர்ப்பணப் பக்கம் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போகட்டும், சுரம் சொல்வது வேறு.

இனி நம் வேலை. தமிழில் சேர்ந்திசை எழுதுகிற பலர் தூண்டுதலைக் கவிதையில் தேடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் கவிதையின் கருத்துக்கு முன் அதன் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். இரண்டு வரிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 7-ம் நூற்றாண்டின் அப்பர்: ‘மாசில் வீணையும் மாலை மதியமும்’. மற்றொன்று 15-ம் நூற்றாண்டின் அருணகிரிநாதர்: ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’.

அப்பர் வரியில் மா, வீ, மா என்று மூன்று நெடில்கள், நீட்டினால் கெடாதவை. ஒற்றுகள் ல், ம், ம். மூன்றிலும் வாயை வைத்துக்கொண்டே ஒலியைத் தொடரலாம். இரட்டித்த வல்லினம் ஒன்றுகூட இல்லை. நான்கு குரலில் நீண்ட இழைகளாக எழுத இதைவிட வசதியான வரி கிடைக்காது. அருணகிரி வரியில் முத், தைத், பத், தித் என்று நான்கு இடத்தில் நாக்கு பல்லில் ஒட்டி ஒலி அறவே நிற்கிறது. ‘தத்தத்தன தத்தத் தனதன’ என்று சந்தமே தாளத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. இதை லெகாட்டோவாக (இடைவெளி இல்லாமல் சேர்த்து) இழுக்கப் பார்த்தால் பாடகர்கள் ஒற்றை விழுங்கி ‘முதை தரு’ என்று பாடுவார்கள். பினாங்கின் தண்ணீர்மலை, கோலாலம்பூர்ப் பக்கத்துப் பத்துமலை முருகன் கோயில் படிகளை நினைத்துத் திருப்புகழை எடுத்து, அதை மெதுவான ஸ்தோத்திரமாக எழுதிவிட்டு, குழு சரியில்லை என்று குறைபட்டுக்கொள்வது பொருந்தாது. அந்த வரி கேட்பது வேகத்தை.

வல்லின ஒற்றில் என்ன நடக்கிறது என்றால், முப்பது பேர் முப்பது கணத்தில் நாக்கை ஒட்டுகிறார்கள். தட்டுத்தடுமாறிய சத்தம் வரும், லயமும் பின்னுக்கு இழுக்கும். மருந்து எளிது: ஒற்றை மௌனமாகவே எழுதிவிடுங்கள். ‘முத்’ ஒரு குவேவர் (அரைத் தட்டு) என்றால், ‘மு’வுக்கு ஒரு செமிகுவேவர் (கால் தட்டு), ஒற்றுக்கு ஒரு செமிகுவேவர் ஓய்வு, ‘தை’ சரியாகத் தட்டில். ஓய்வைப் பார்த்தால் எந்த மொழிக்காரரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார். மெல்லின, இடையின ஒற்றுகளுக்கு நேர்மாறு. அவற்றுக்குத் தனி நோட்டே கொடுக்கலாம். ‘தென்றல்’ என்பதில் ன், ல் இரண்டையும் முணுமுணுப்பாக நீட்ட முடியும்.

குறிலை மினிமுக்கு (இரண்டு தட்டு) மேல் நீட்டினால் ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும், ‘விடு’ ‘வீடு’ ஆகிவிடும். கர்நாடகக் கச்சேரியில் இதை மன்னித்துவிடுகிறோம், ஏனென்றால் பாட்டு முன்பே தெரியும். புதிய சேர்ந்திசைக்கு அந்தச் சலுகை கிடையாது. குறிலுக்கு க்ரோச்செட் (ஒரு தட்டு) வரை கொடுத்து, மீதி நீளத்தை அடுத்த ஒற்றுக்கோ அடுத்த நெடிலுக்கோ தள்ளுங்கள். அடியின் கடைசியில் குற்றியலுகரம் வந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். ‘காற்று’ என்று முடிகிற இடத்தில் மேற்கத்தியப் பழக்கத்தில் கடைசி எழுத்துக்கு நீண்ட நோட்டு போட்டால் அரை மாத்திரை ‘று’ நான்கு தட்டுக்கு ஊளையிடும். ‘கா’வை நீட்டி, ‘று’வைக் கடைசித் தட்டின் நுனியில் மெலிதாக விடவேண்டும். ‘ஐ’ இன்னொரு தொல்லை: ‘மாலை’ என்பதில் பாதிக் குழு ‘லை’யை உடனே இகரத்துக்குத் திருப்பிவிடும், மீதி அகரத்திலேயே நிற்கும். எங்கே திருப்ப வேண்டும் என்று ஒரு சின்ன நோட்டைப் போட்டுக் காட்டிவிட்டால் சண்டை தீர்ந்தது.

நம் ஊர்க் குழுக்களில் தமிழர் அல்லாதவர்கள் பாதிக்கு மேல் இருப்பது சாதாரணம். அவர்களுக்கு ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுக்கும்போது ஆங்கில வழக்கைவிட மலாய் எழுத்துக்கூட்டலே உதவும். மலாய் ‘டி’ (t) பல்லில் தட்டுவதால் நம் த-வுக்கு அதையே போடலாம்; ட-வுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் போதும். பின்னால் ‘எச்’ (h) சேர்த்தால் காற்றை ஊதித் தள்ளுவார்கள். ஞ, ங இரண்டுக்கும் மலாயில் தயாராகவே எழுத்துச் சேர்க்கை உண்டு. ஏமாற்றுவது ‘இ’ (e) என்ற ரோமன் எழுத்துதான். மலாயில் அதற்கு இரண்டு ஒலி; ஒன்று அரைகுறையாக மழுங்கிய ஒலி. அப்பர் பதிகத்தின் ‘ஈசன் எந்தை’யை வெறும் எழுத்தில் கொடுத்தால் ‘அந்தை’ போலக் கேட்கும். எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு போட்டுவிடுங்கள். நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதே நல்லது. மேலே கோடு போட்டால் நகலெடுக்கும்போது மறைந்துவிடும். ழகரத்தைப் பற்றி நாம்தான் அதிகம் கவலைப்படுகிறோம். அதைக் குறுகிய நோட்டில் வைத்தால் யார் நாக்கும் மாட்டிக்கொள்ளாது.

குரல் வகை பற்றி ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. தேவாரமும் பஜனையும் பாடிப் பழகிய பெண்களை, பெண்கள் என்ற ஒரே காரணத்துக்காகச் சொப்ரானோவில் (பெண்களின் உச்சக் குரல்) உட்கார வைப்பது. 5 கட்டை சுருதியில் பாடுகிறவருக்கு மத்ய சட்ஜம் நடு சி-க்குக் கீழே உள்ள ஜி. தார பஞ்சமம் தொட்டால் நடு சி-க்கு மேலான எட்டாவது சுரத்தையும் தாண்டி டி. இது அச்சு அசல் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) எல்லை. அவர்களிடம் மேல் ஜி கேட்டால் தொண்டையைக் கட்டிக்கொண்டு கத்துவார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். 1 கட்டை ஆண்களுக்குத் தார பஞ்சமம் நடு சி-க்கு மேலுள்ள ஜி, அவர்கள் டெனர் (ஆண்களின் உயர்குரல்).

அப்படியானால் கலப்புக் குழுவுக்குச் சட்ஜம் எங்கே? சி-யில் வையுங்கள். 5 கட்டைப் பெண்ணுக்கு மத்யம சுருதி (மத்யமத்தையே சட்ஜமாக வைப்பது) என்பது 1 கட்டைதானே. மத்யம சுருதிப் பாடல்களில் பழகிய எல்லைக்குள்ளேயே, மந்தர (கீழ்) பஞ்சமம் முதல் தார சட்ஜம் வரை, அவர்கள் அலட்டிக்கொள்ளாமல் பாடுவார்கள். சொப்ரானோவுக்கு மேல் இ-க்கு அப்பால் சொற்களைக் கொடுக்காதீர்கள். அந்த உயரத்தில் இகரமும் உகரமும் ஒன்றுபோலக் கேட்கும். ஆகாரம் மட்டும் பிழைக்கும். சொல்லைச் சுமக்க வேண்டியவை ஆல்ட்டோவும் டெனரும்.

ராகத்தை நான்கு குரலுக்கு எழுதுவது பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாக: மோகனத்தில் அரைச்சுர இடைவெளி இல்லாததால் ஐந்து சுரத்தையும் ஒரே நேரத்தில் பிடித்தாலும் உறுத்தாது. சீன இசை கேட்டு வளர்ந்த பாடகர்களுக்கும் அது அந்நியமாக இருக்காது. இந்தோளத்தில் பஞ்சமமே இல்லை. ஆனாலும் தம்புரா செயலியைச் ச-ப-வில் ஓடவிட்டு ஒத்திகை பார்க்கிறார்கள், ச-ம-வுக்கு மாற்றுங்கள். தோடியை விட்டுவிடுங்கள். அதன் காந்தாரம் நிற்கிற சுரமே அல்ல. கார்டுக்குள் நிறுத்தினால் தோடி போய்விடும், அசைத்தால் கார்டு போய்விடும். பொதுவாகக் கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) ஒரே குரலில் இருக்கட்டும், மற்ற மூன்றும் அசையாமல் பிடிக்கட்டும். நான்கு குரலும் சேர்ந்து கமகம் செய்தால் சுருதி விலகியதாகத்தான் கேட்கும். வயலினுக்கு எழுதும்போது கோடு இழுத்து ‘கிளிஸாண்டோ’ (சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்குவது) என்று போட்டால் மேற்கத்திய வயலின்காரர் ஒரே சீராக வழுக்குவார். எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் தங்கி எங்கே வழுக்க வேண்டும் என்று சின்ன நோட்டுகளாக எழுதி, மேலே ஒரே விரல் எண்ணையும் போட்டால் காரியம் நடக்கும்.

தைப்பூசத்தைத் தூண்டுதலாகச் சொல்லாத மலேசிய இசையமைப்பாளர் குறைவு. பத்துமலைக்கு 272 படி, தண்ணீர்மலைக்கு 513. படிக்கு ஒரு சுரம் என்று எழுதுவது நண்பர்களிடம் சொல்ல நன்றாக இருக்கும், காதில் விழாது. உண்மையில் காதில் விழுவது வேறு: முன்னால் ஒரு உறுமி மேளம், பின்னால் இன்னொன்று, இரண்டும் வெவ்வேறு வேகத்தில். இதைக் குவார்ட்டெட்டில் எழுத இரண்டு பேர் நின்று நடத்த வேண்டியதில்லை. வேகங்களை 5-க்கு 4 என்ற விகிதத்தில் வையுங்கள். நிமிடத்துக்கு 135, 108. வயோலாவும் செல்லோவும் நாலு தட்டு வாசிக்கிற நேரத்தில் வயலின்கள் ஐந்து. ஒரே இசைத்தாளில் அடங்கும், ஒவ்வொரு ஐந்தாவது தட்டிலும் பிடித்துக்கொள்ள ஒரு இடமும் கிடைக்கும். உறுமியின் முனகல், வளைந்த குச்சியைத் தோலில் தேய்ப்பதால் வருவது. செல்லோவின் தடித்த தந்தியில், வில்லை விரற்பலகையின் மேல் வைத்து, ஒரு காந்தார தூரம் மெல்ல ஏற்றி இறக்கினால் அதற்கு மிக அருகில் போகலாம். நாதஸ்வரத்தையே குவார்ட்டெட்டோடு சேர்க்க ஆசைப்பட்டால் அதை மேடையில் வைக்காதீர்கள். மண்டபத்தின் பின்பக்கமோ மாடியோதான் சரி. இல்லாவிட்டால் நான்கு பேர் வில் அசைப்பதைக் கண்ணால் மட்டும்தான் பார்க்க முடியும்.

பேச்சிலிருந்து எழுதுவதற்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1988-ல் ‘வெவ்வேறு ரயில்கள்’ என்ற படைப்பில் நல்ல வழி காட்டினார். பெற்றோர் பிரிந்ததால், 1939 முதல் 1942 வரை நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே சிறுவனாக ரயிலில் போய்வந்தவர் அவர். யூதனான தான் அப்போது ஐரோப்பாவில் இருந்திருந்தால் வேறு ரயிலில் ஏற்றப்பட்டிருப்பேன் என்பது அவருடைய விளக்கம். அதை இசையாக்கியது ஒலிப்பதிவுகள்: மனிதர்கள் பேசிய துண்டுகளின் சுரத்தை எழுதி, பெண் குரல்களை வயோலாவும் ஆண் குரல்களை செல்லோவும் பின்தொடர வைத்தார். 1942-43-ல் போடப்பட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களைப் பறிகொடுத்த இந்த நாட்டில், இந்த உத்தி நமக்காகவே செய்து வைத்தது போல இருக்கிறது. இரண்டு மூன்று விநாடித் துண்டுகளாக வெட்டுங்கள். நெடிலில் முடியும் துண்டுகளில் சுரம் தெளிவாகக் கிடைக்கும். வல்லினத்தில் முடிபவை வெறும் தாளம்தான். ஒவ்வொருவர் பேச்சுக்கும் ஒரு வேகம் இருப்பதால் துண்டு மாறும்போதெல்லாம் வேகமும் மாறும். வாத்தியக்காரர் காதில் கிளிக் (வேகம் காட்டும் தட்டொலி) ஓடாவிட்டால் இரண்டாம் துண்டிலேயே சிதறிவிடும். பேசியவரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் சம்மதம் வாங்குவது முதல் வேலை.

சம்மதம் கவிதைக்கும் வேண்டும். மலேசியச் சட்டப்படி கவிஞர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர், கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதைக்கு இசை எழுதி முடித்த பிறகு அனுமதி மறுக்கப்பட்டது. கவிஞர் சார்ல்ஸ் அந்தோனி சில்வெஸ்ட்ரி அதே இசைக்கு வேறு சொற்கள் எழுதிக் கொடுத்ததால் விட்டேக்கர் தப்பித்தார். தமிழில் குறில் நெடில் பார்த்து எழுதிய மெட்டுக்கு மாற்றுச் சொல் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தபின் விளக்கம் எழுத உட்கார்ந்தால் அது தானாக வரும். 120 முதல் 150 சொல் போதும். அப்பர் வரிக்கு எழுதிய ஒரு கற்பனைப் படைப்பை வைத்துக்கொண்டால் குறிப்பின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

‘அப்பர் ஐந்து சுகங்களை அடுக்கிவிட்டு, ஈசன் அடிநிழல் இவை போன்றது என்கிறார். அதனால் இசையிலும் ஐந்து அடுக்குகள். வீணைக்கு ஆல்ட்டோ, மதியத்துக்குச் சொப்ரானோ, தென்றலுக்கு டெனர், வேனிலுக்கு பாஸ் வந்து சேரும். வண்டு மொய்க்கும் பொய்கைக்கு எல்லாரும் வாய்மூடி முனகுவார்கள். ஒவ்வொன்றும் மோகனத்தின் ஒரு சுரத்தில் நிற்கும். ‘நீழலே’ என்ற சொல்லில்தான் ஐந்து சுரமும் முதன்முறை ஒன்றாகக் கேட்கும்.’

இதில் ‘மனம் லயித்தது’ என்று ஒரு சொல் இல்லை. கேட்பவருக்கு எங்கே காத்திருக்க வேண்டும் என்று தெரியும். முதல் வரியில் படைப்பின் நீளம், எழுதிய ஆண்டு, யார் யாருக்கு. அதன் பிறகு மேலே சொன்னது போன்ற உடல். வாழ்க்கைக் குறிப்பைத் தனிப் பெட்டியில் போடுங்கள். பட்டங்களும் பரிசுகளும் குறிப்புக்குள் நுழைந்தால் 150 சொல்லில் எண்பதை விழுங்கிவிடும்.

அச்சில் கடைசியாக ஒன்று. பாடல் வரிகளைத் தமிழ் எழுத்திலும், மலாய் அல்லது ஆங்கிலப் பொருளோடும் எதிரெதிர்ப் பக்கத்தில், ஒரே விரிப்பில் அடங்கும்படி போடுங்கள். அடுத்த பக்கத்துக்குப் போனால் மொத்த மண்டபமும் ஒரே நேரத்தில் தாளைத் திருப்பும், அதுவும் நீங்கள் மிக மெலிதாக எழுதிய அடியில். அடங்கவே அடங்காது என்றால், திருப்பும் இடம் உரத்த பகுதியில் விழும்படி வரிகளைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். எழுத்தளவு 11-க்குக் கீழே போக வேண்டாம். மண்டபத்தில் விளக்கு மங்கலாகத்தான் இருக்கும்.